நான்கெழுத்துக் கிதாபு

மடுல்கெல்லயில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு மூன்று எதிரிகள் உண்டு. நக்கிள்ஸ் மலைப்பக்கத்திலிருந்து வரும் ஈரம் ஒன்று, கறையான் மற்றொன்று, வீடு மாறும்போது பிள்ளைகள் செய்யும் துப்புரவு மூன்றாவது. என் உம்மம்மா விட்டுப்போன ஐந்து அரபுத் தமிழ்க் கிதாபுகளில் இம்மூன்றுக்கும் தப்பி நிற்பவை இரண்டு. என் பிள்ளைகளுக்கு அரபு எழுத்துத் தெரியும், தமிழ் தாய்மொழி. ஆனாலும் அந்தப் பக்கத்தை விரித்தால் அவர்களுக்கு அது பேசுவதில்லை. அரபு ஓதிய கண் அங்கே அரபுச் சொல்லைத் தேடுகிறது. தமிழ் வாசித்த கண்ணுக்கு அங்கே தமிழ் எழுத்து இல்லை. இரண்டையும் முடிச்சுப் போடும் ஒரு சிறு பழக்கம் இரண்டு தலைமுறைக்குள் கைவிட்டுப் போயிருக்கிறது.

எழுத்தைக் காப்பதற்காக அண்மைக்கால ஆய்வுகூடங்களில் நடந்துவரும் ஒரு முயற்சியின் வரலாற்றை நான் தேடி வாசிக்கத் தொடங்கியதற்கு அந்த இரண்டு கிதாபுகளே காரணம். உயிரின் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் டீ.என்.ஏ. என்ற மூலக்கூற்றில் புத்தகங்களையும் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் எழுதி வைப்பதே அம்முயற்சி. கேட்பவருக்கு இது கதைபோலத் தோன்றும். எனினும் இதற்கு அறுபது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் இரு முக்கியமான திருப்பங்களில் பஞ்சாப்பில் பிறந்த ஒருவரும் சென்னையில் பிறந்த ஒருவரும் நிற்கிறார்கள் என்பதை நமது வாசகர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

டீ.என்.ஏ. ஒரு நீண்ட இழை. அதில் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. தஸ்பீஹ் மணியை நான்கு நிறங்களில் கோத்தால் எப்படியோ அப்படி. கணனி எல்லாவற்றையும் 0, 1 என்ற இரு குறிகளாக வைத்திருக்கிறது. ஆகவே 00 என்றால் அடினின், 01 என்றால் சைட்டோசின், 10 என்றால் குவானின், 11 என்றால் தைமின் என்று நாமே ஓர் உடன்பாடு செய்துகொண்டால், கணனியில் இருக்கும் எந்தக் கோப்பையும் இந்த நான்கு மணிகளின் வரிசையாக மாற்றிவிடலாம். அந்த வரிசைப்படி மூலக்கூற்றைச் செய்துகொண்டால் எழுதியாயிற்று. பின்னர் வரிசையைக் கண்டறிந்து உடன்பாட்டைப் பின்னோக்கிச் செலுத்தினால் வாசித்தாயிற்று. இந்த 'உடன்பாடு' என்ற சொல்லை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

எண்ணம் முதலில் வந்தது பௌதிகவியலாளர்களுக்கு. 1959 டிசம்பரில் ரிச்சர்ட் ஃபைன்மன் கலிபோர்னியாவில் ஆற்றிய உரையொன்றில், உலகத்துப் புத்தகங்கள் அனைத்தையும் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தூசொன்றில் எழுதலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். உயிர்க்கலம் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கிறது, ஒரு குறிக்கு ஏறத்தாழ 50 அணுக்களே அதற்குப் போதும் என்றும் சொன்னார். 1960களின் நடுவில் சோவியத் நாட்டின் மிகயில் நெய்மன் இதே எண்ணத்தை எழுதினார். இருவர் கையிலும் பேனாவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. டீ.என்.ஏ.யை விரும்பியபடி எழுதவும் முடியாது, எழுதியதை வாசிக்கவும் முடியாது என்ற காலம் அது.

பேனாவைச் செய்யத் தொடங்கியவர் ஹர் கோவிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானில் இருக்கும் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் 1922இல் பிறந்தவர். தந்தை கிராமத்து வரிக்கணக்கர். நூறு பேரளவில் வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறக்குறைய தங்களுடையது ஒன்றுதான் என்று அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எழுத்தறிவற்ற ஊரொன்றின் பிள்ளை உயிரின் எழுத்துக்கு அரிச்சுவடி கண்டது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொரானா, 1970இல் முதன்முதலாக ஒரு மரபணுவை முழுவதும் ஆய்வுகூடத்திலேயே செய்து முடித்ததாக அறிவித்தார். அதன் நீளம் 77 எழுத்துச் சோடிகள். அதற்குப் பல ஆய்வாளர்களின் பல வருட உழைப்புத் தேவைப்பட்டது. அவரது ஆய்வுகூடத்தில் பயின்ற மார்வின் கருதர்ஸ் 1980களின் தொடக்கத்தில் கண்ட வேதிமுறையால்தான் இயந்திரமே எழுத்தெழுத்தாகக் கோர்க்கும் நிலை வந்தது. இன்றுவரை பெரும்பாலும் அந்த முறையே நடக்கிறது.

அந்த முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒவ்வொரு எழுத்தைக் கோர்க்கும்போதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இழைகளில் சரியாக ஒட்டுகிறது என்று வைப்போம். நல்ல விளைவுதானே என்று தோன்றும். ஆனால் 200 எழுத்துக் கோர்த்து முடிக்கையில் பிழையின்றி எஞ்சுவன நூற்றுக்குப் பதின்மூன்றே. எனவே ஒரு புத்தகத்தை ஒரே நீண்ட இழையாக எழுத முடியாது. இருநூறு எழுத்துக்கும் குறைந்த துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் அதன் பக்க இலக்கத்தையும் எழுதி, எல்லாவற்றையும் ஒரே குப்பிக்குள் கலந்து வைக்க வேண்டியதுதான். தைக்காத ஏடுகளைச் சாக்கில் கொட்டி வைத்தது போன்ற நிலை. பக்க இலக்கம் இருப்பதால் மட்டுமே அது நூலாகிறது.

இனி வாசிப்பு. 1966இல் சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாகவே பெற்றோருடன் இங்கிலாந்து சென்றவர் சங்கர் பாலசுப்பிரமணியன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். 1997இல் அவரும் சக ஆய்வாளர் டேவிட் கிளெனர்மனும் வேறொரு ஆய்வைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தபோது டீ.என்.ஏ.யை விரைவாக வாசிக்கும் வழியொன்று பிடிபட்டது. சோதனைக்குரிய இழைகளை நறுக்கி ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு இழைக்கும் எதிரிழை ஓரெழுத்து ஓரெழுத்தாக வளர விடப்படுகிறது. நான்கு எழுத்துக்கும் ஒளிரும் நிறம் பூசப்பட்டிருக்கிறது; கூடவே அடுத்த எழுத்து வந்து ஒட்டாதபடி ஒரு தடையும் வைக்கப்பட்டிருக்கிறது. ஓரெழுத்து ஒட்டியதும் தகட்டைப் புகைப்படம் எடுக்கிறார்கள். எந்தப் புள்ளி எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று குறிக்கிறார்கள். தடையை நீக்கி அடுத்த எழுத்துக்கு இடம் விடுகிறார்கள். ஒரே தகட்டில் கோடிக்கணக்கான இழைகள் ஒரே சமயத்தில் வாசிக்கப்படுவதே இதன் சிறப்பு. 1998இல் இதற்கென சொலெக்ஸா என்ற நிறுவனத்தை இருவரும் தொடங்கினர்; 2007இல் அமெரிக்காவின் இலுமினா நிறுவனம் அதை வாங்கியது. மனித மரபணுத் தொகுதியை முதன்முறை வாசிக்க பதின்மூன்று வருடங்களும் ஏறத்தாழ 300 கோடி டொலர் ஒதுக்கிய திட்டமொன்றும் தேவைப்பட்டிருக்க, இன்று அது ஆயிரம் டொலருக்கும் குறைந்த செலவில் முடிகிறதென்றால் அதற்கு முதற்காரணம் இந்த வழிதான். 2012இலும் 2013இலும் டீ.என்.ஏ.யில் எழுதப்பட்ட முதல் பெரிய நூற்தொகுதிகள் இரண்டும் வாசிக்கப்பட்டது இம்முறையில் வந்த இயந்திரங்களில்தான். டீ.என்.ஏ. நூலகத்துக்குத் தமிழரின் பங்கு என்ன என்று யாராவது கேட்டால் அதன் மூக்குக்கண்ணாடியைக் காட்டலாம்.

இடையில் நடந்தவை பெரும்பாலும் விளையாட்டாகவும் வித்தையாகவும் இருந்தன. 1988இல் ஜோ டேவிஸ் என்ற ஓவியர் ஹாவார்ட் ஆய்வாளர் ஒருவரின் உதவியோடு, பெண்மையையும் உயிரையும் குறிக்கும் பழைய ஜேர்மானியக் குறியொன்றை 35 புள்ளிகளாக்கி ஒரு கிருமிக்குள் எழுதினார். 1999இல் நியூயோர்க் ஆய்வாளர்கள் இரண்டாம் உலகப்போரின் நோர்மண்டித் தரையிறக்கம் பற்றிய இரகசியச் செய்தியொன்றை டீ.என்.ஏ.யில் எழுதி, கடிதத்தின் முற்றுப்புள்ளிக்குள் ஒளித்துத் தபாலில் அனுப்பினார்கள்.

நூல் என்று சொல்லத்தக்கது 2012 ஓகஸ்ட் மாதம்தான் வந்தது. ஹாவார்டின் ஜோர்ஜ் சேர்ச், யுவான் காவோ, ஶ்ரீராம் கோசுரி மூவரும் சேர்ச் எழுதிய புத்தகமொன்றையே எடுத்துக்கொண்டார்கள். 53,000 சொற்களுக்கு மேல், 11 படங்கள், ஒரு சிறு கணனிச் செயற்றிட்டம். எல்லாம் 54,898 துண்டுகளாயின. ஒவ்வொரு துண்டும் 159 எழுத்து. அதில் 96 எழுத்து உள்ளடக்கம், 19 எழுத்து பக்க இலக்கம். ஐம்பத்திரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குறிகளில் பிழையாக வந்தவை பத்து மட்டும். தம் புத்தகத்தையே எடுத்துக்கொண்டது ஆசிரியர்களுக்கே உரிய பலவீனம் போலும். நம்மிலும் யார் அதைச் செய்யாமல் விடுவோம்?

அடுத்த ஜனவரியில் இங்கிலாந்தின் ஹின்ஸ்டனிலிருந்து நிக் கோல்ட்மனும் இவான் பேர்னியும் சகாக்களும் செய்ததை நான் இதைவிட உயர்வாக மதிக்கிறேன். ஐரோப்பாவின் மரபணுத் தரவுகளைச் சேமித்து வைப்பது அவர்களது நிறுவனத்தின் தொழில். தரவு பெருகிற வேகத்துக்கு வன்தட்டு வாங்கக் காசு போதாது என்ற கவலையோடு 2011இல் ஹம்பேர்க் நகரத்து ஹோட்டலொன்றில் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது இந்த யோசனை உதித்ததாம். ஷேக்ஸ்பியரின் 154 சிறு பாக்கள், டீ.என்.ஏ.யின் வடிவத்தை அறிவித்த வாட்சன் - கிரிக் கட்டுரை, தங்கள் நிறுவனத்தின் புகைப்படம், மார்ட்டின் லூதர் கிங்கின் உரையில் 26 செக்கன் ஒலிப்பதிவு, இவற்றோடு தாங்கள் பயன்படுத்திய குறியீட்டுப் பட்டியலின் ஒரு பகுதி ஆகிய ஐந்து கோப்புகளை எழுதினார்கள்.

அவர்கள் இரண்டு பிழைகளுக்கு வழி கண்டார்கள். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் இயந்திரம் எத்தனை என்று எண்ணத் தடுமாறும். ஆகவே முன் எழுத்து எதுவோ அதை விலக்கி, எஞ்சிய மூன்றில் ஒன்றாகவே அடுத்த எழுத்து வரவேண்டும் என்று உடன்பாட்டை மாற்றினார்கள். இனி எங்குமே இரட்டித்தல் கிடையாது. இரண்டாவது, ஒவ்வொரு பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய நான்கு துண்டுகளில் இடம்பெறும்படி எழுதினார்கள். ஒரு துண்டில் பிழை வந்தால் மற்ற மூன்றும் திருத்தும். இதை வாசித்தபோது எனக்கு ரமழான் இரவுகளின் தராவீஹ்தான் நினைவுக்கு வந்தது. முன்னால் ஓதும் ஹாபிழ் ஓரிடத்தில் தயங்கினால் பின்ஸஃப்பில் நிற்கும் இன்னொரு ஹாபிழ் எடுத்துக்கொடுக்கிறார். ஒருவரின் நினைவு மற்றவரின் நினைவால் சரிபார்க்கப்படுகிறது. நெஞ்சில் எழுதிக் காக்கும் ஏற்பாட்டில் பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் அதே முறை இது. இத்தனை காவல் செய்தும் ஹின்ஸ்டன் கோப்புகளில் நான்குதான் தானாக மீண்டு வந்தன. ஐந்தாவதில் 25 எழுத்து அளவில் இரண்டு இடைவெளிகள் விழுந்தன. ஆய்வாளர்கள் கையால் நிரப்பினார்கள். செலவு, ஒரு மெகாபைட் எழுத 12,400 டொலர். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படத்துக்கே அது போதாது.

ஆர்க்கிமிடீசின் கதை 2015இல் வருகிறது. சூரிச் நகரத்து ஆய்வாளர் ரொபேர்ட் கிராஸும் குழுவினரும், பழைய எலும்புக்குள் டீ.என்.ஏ. நெடுங்காலம் தப்பியிருப்பதைக் கவனித்து, கண்ணாடி செய்யும் சிலிக்காவாலான நுண்ணிய உருண்டைகளுக்குள் அதைப் பூட்டினார்கள். டீ.என்.ஏ.க்கு முதற்பகை நீர். கண்ணாடி நீரை உள்ளே விடாது. 60, 70 பாகை வெப்பத்தில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். மத்திய ஐரோப்பாவின் குளிரில் 2,000 வருடம் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். எங்கள் மலைநாட்டு ஈரத்துக்கும் அது ஈடுகொடுக்கக் கூடும். அப்படியானால் கறையானுக்கும் அங்கே வேலையில்லை. அவர்கள் எழுதியது 83 கிலோபைட். அதில் ஒன்று 1291இன் சுவிஸ் சாசனம், மற்றொன்று ஆர்க்கிமிடீசின் 'முறை' என்ற நூல்.

இந்த இரண்டாவது நூலை அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது உலகத்தில் ஒரே ஒரு பிரதியில் தப்பியது. பத்தாம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட அப்பிரதியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் துறவியொருவர் சுரண்டி, அதன்மேல் பிரார்த்தனைகளை எழுதிவிட்டார். தோல் விலையேறிய பொருள்; கணிதம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. 1906இல் ஹைபேர்க் என்ற டென்மார்க் அறிஞர் இஸ்தான்பூலில் அந்தப் பிரார்த்தனை வரிகளுக்கடியில் மங்கித் தெரிந்த ஆர்க்கிமிடீசை அடையாளம் கண்டார். அதே ஆர்க்கிமிடீஸ் எழுதியதாகக் கூறப்படும், சம ஏழுகோணம் வரைவது பற்றிய நூலோ, கிரேக்கத்தில் அழிந்தே போனது. தாபித் இப்னு குர்ரா ஒன்பதாம் நூற்றாண்டில் அரபியில் பெயர்த்து வைத்ததால் அரபியில் மட்டும் எஞ்சியிருக்கிறது. இரண்டு நூலும் பிழைத்த விதத்தை ஒப்பிட்டால், தோலின் உறுதி ஒன்றைக் காப்பாற்றியது போலவும், அதை வேண்டிப் பெயர்த்துப் பிரதி செய்தவர்கள் மற்றொன்றைக் காப்பாற்றியது போலவும் தெரிகிறது. நான் இரண்டாவது வழியையே அதிகம் நம்புகிறேன். முதலாவதில் நடந்தது தற்செயல்.

அதன் பின்னர் அளவு பெருகியது. 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனமும் வொஷிங்டன் பல்கலைக்கழகமும் 200 மெகாபைட் எழுதின. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் மனித உரிமைப் பிரகடனம் அதில் இருந்தது. 2017இல் யானிவ் ஏர்லிக்கும் டினா ஸீலின்ஸ்கியும் ஒரு கிராம் டீ.என்.ஏ.யில் 21 கோடி கிகாபைட்டுக்கு மேல் அடக்கும் எழுத்துமுறையைக் காட்டினார்கள். 2019இல் மனிதக்கை படாமல் எழுதி வாசிக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. அது எழுதியது 'ஹலோ' என்ற ஒரு சொல். எடுத்த நேரம் 21 மணி. 2021 நவம்பரில் பாரிஸ் தேசிய சுவடிக்கூடம் 1789இன் உரிமைப் பிரகடனத்தையும், ஒலாம்ப் த கூஜ் என்ற பெண்மணி 1791இல் எழுதிய பெண்ணுரிமைப் பிரகடனத்தையும் டீ.என்.ஏ. வடிவில் உலோகக் குப்பிகளில் ஏற்றுக்கொண்டது. அரசொன்றின் சுவடிக்கூடத்தில் இது புதிய நடை.

ஷேக்ஸ்பியர், சுவிஸ் சாசனம், பிரெஞ்சுப் பிரகடனம். பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது புரிகிறது. ஆய்வுகூடம் யாருடையதோ அலுமாரியும் அவர்களுடையதாகவே முதலில் நிரம்பும். இதற்காக அவர்களைக் கோபிப்பதில் பயனில்லை. நமக்கு என்ன செலவாகும் என்று நான் கணக்குப் பார்த்தேன். 2023இன் இறுதியில் பிரான்சின் பயோமெமொரி நிறுவனம் டீ.என்.ஏ. அட்டைகளைப் பொதுமக்களுக்கு விற்க முன்வந்தது. ஒரு கிலோபைட் எழுத்துக்கு ஆயிரம் யூரோ. ஆங்கில எழுத்தொன்று கணனியில் ஒரு பைட் இடம் பிடிக்கும். யுனிகோட் முறையில் வழக்கமாகச் சேமிக்கப்படும் தமிழ்க் குறியொன்று மூன்று பைட் பிடிக்கும். 'கா' என்றால் ககரமும் துணைக்காலும் சேர்ந்து ஆறு. அரபுக் குறிக்கு இரண்டே பைட். எழுத்தும் அதன் ஹரகத்தும் சேர்ந்தால் நான்கு. எனவே ஆயிரம் யூரோவுக்கு ஆங்கிலேயர் ஒரு பக்கம் எழுதினால் நாம் கால் பக்கம் எழுதுவோம். அரபுத் தமிழில் எழுதினால் சற்று மலிவு! நமது முன்னோர் இந்தக் கணக்குக்காக அதைக் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் கேட்க இனிமையாக இருக்கிறது. சுருக்கிச் சேமிக்கும் கணனி முறைகள் இந்த வேற்றுமையைப் பெரிதும் குறைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செலவு நாளடைவில் குறையும். உடன்பாட்டின் கதை அப்படியல்ல. டீ.என்.ஏ.யின் ஆதரவாளர்கள் ஒரு வலுவான வாதம் வைக்கிறார்கள். நெகிழ்வட்டு போனது, ஒலிநாடா போனது, இறுவட்டும் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் மனிதன் உயிரோடிருக்கும்வரை டீ.என்.ஏ.யை வாசிக்கும் கருவியை மருத்துவத்துக்காகவேனும் வைத்திருப்பான் என்கிறார்கள். உண்மை. ஆனால் கருவி தருவது நான்கெழுத்துகளின் வரிசையை மட்டும். அந்த வரிசை எந்த உடன்பாட்டில் எழுதப்பட்டது என்பதைக் கருவி சொல்லாது. சேர்ச்சின் உடன்பாடு வேறு, கோல்ட்மனின் உடன்பாடு வேறு, ஏர்லிக்கின் உடன்பாடு முற்றிலும் வேறு. ஒருவர் எழுதியதை மற்றவர் முறையில் வாசித்தால் குப்பைதான் கிடைக்கும். இலங்கை எழுத்தாளர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இருபது வருடங்களுக்கு முன்னர் நாம் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கதைகளையும் கட்டுரைகளையும் அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். கோப்பு முழுசாக இருக்கிறது, ஒரு பைட் கூட அழியவில்லை, ஆனாலும் கதை அதில் இல்லை.

அரபுத் தமிழுக்கு நேர்ந்ததும் இதுவே. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளிகள் கூட்டினார்கள். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் குறி செய்தார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வேருவளையிலும் வெலிகமையிலும் கண்டியிலும் ஓதல் பள்ளி கண்ட எந்தப் பெண்ணும் தமிழ்ப் பாடசாலைப் படியேறாமலேயே தமிழ் வாசித்தாள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்களின் நூல்கள் அந்தக் கண்களுக்காகவே எழுதப்பட்டன. தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூல் இந்தப் பரப்பை உலகுக்குக் காட்டியது. கிதாபுகள் இன்னும் நூலகங்களில் இருக்கின்றன. ஆனால் உடன்பாட்டைக் கைமாற்றிய ஓதல் பள்ளி அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டது.

டீ.என்.ஏ. ஆய்வாளர்கள் இந்த ஆபத்தைக் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்பது நற்செய்தி. 2020இல் மைக்ரோசொப்ட், இலுமினா, டுவிஸ்ட், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகியவை சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு 2024இல் தன் முதல் விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு டீ.என்.ஏ. தொகுதியிலும் எல்லாருக்கும் பொதுவான எளிய முறையில் முதற் பகுதியொன்று எழுதப்பட வேண்டும். இதை எழுதியவர் யார், எந்தக் குறியீட்டு முறையில் எழுதினார் என்ற விபரம் மட்டுமே அதில் இருக்கும். 'சுழியப் பகுதி' என்று அதற்குப் பெயர். கிதாபின் முதற்பக்கத்தில் எழுத்து அட்டவணை வைப்பதற்கு ஒப்பான காரியம்.

பிரதி எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கணக்கில் டீ.என்.ஏ.யின் பெருஞ்சிறப்பு அதன் ஆயுள் அல்ல, இதுதான். 1983இல் கேரி முல்லிஸ் கண்ட முறையில் ஒரு குப்பியிலுள்ள இழைகளை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கலாம். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கும் மேலாகும்; சில மணித்தியாலங்கள் போதும். தேயிலைத் தோட்டத்தவர்களுக்கு இது புதிதன்று. ஒற்றை இலையும் ஒரு கணுவும் கொண்ட சிறு துண்டைத் தவறணையில் ஊன்றி, ஒரே தாய்ச்செடியிலிருந்து மலை மலையாக வீ.பி. தேயிலை பரப்பியவர்கள் அல்லவா நாம். எங்கள் மாவட்டத்திலேயே கன்னொறுவையில் தாவர மரபணு வளங்கள் நிலையம் 1980களின் இறுதியில் ஜப்பானிய உதவியோடு அமைந்தது. நமது பழைய நெல் வகைகளையும் மரக்கறி வகைகளையும் அங்கே விதையாகக் குளிரில் வைத்திருக்கிறார்கள். டீ.என்.ஏ.யைச் செய்திக்காகச் சேமிக்கும் நிலையம் நமக்கு அருகில் ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். அங்கும் விதையைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. முளைக்கும் திறன் குறையும்போது வயலில் விதைத்துப் புதிய விதை எடுக்க வேண்டும்.

பிற இடத்தில் பிரதி இருப்பதன் அருமையை ஹலப் நகரம் காட்டியது. அங்கிருந்த சர்வதேச விதை நிலையம் தன் விதைகளின் பிரதிகளை நோர்வேயின் ஸ்வால்பார்ட் பனிமலைக் களஞ்சியத்துக்கு அனுப்பி வைத்திருந்தது. சிரியாவின் போரில் ஹலப் நிலையம் இயங்க முடியாது போகவே, 2015இல் அந்தப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். அக்களஞ்சியத்திலிருந்து விதை மீளப்பெறப்பட்டது அதுவே முதல் தடவை. லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் ஒரு பங்கை மீண்டும் நோர்வேக்கு அனுப்பினார்கள்.

நம் கைக்கும் தீயின் சூடு தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன, ஓலைச்சுவடிகளும் எரிந்தன. 2018 மார்ச்சில் இந்தக் கண்டி மாவட்டத்திலேயே திகனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கி எரிக்கப்பட்டன. எரிந்த வீடொன்றில் என்ன கிதாபு இருந்தது என்று நட்டஈட்டுப் படிவம் எதுவும் கேட்பதில்லை. எழுத்து ஒரே கட்டடத்தில், ஒரே அலுமாரியில் இருக்கும்வரை ஒரு தீப்பெட்டிக்கு அது எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு சமூகத்தின் நூல்கள் அனைத்தும் ஒரு பரிசோதனைக் குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரியாத படிவாக அடங்குமானால், அதன் ஆயிரம் பிரதிகள் ஆயிரம் ஊர்களில் ஆயிரம் சட்டைப் பைகளில் இருக்குமானால், அதை எரிக்க யாரால் முடியும்? சிறுபான்மையினர் இந்த ஆய்வைக் கவனிக்க வேண்டிய காரணம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

ஆனால் அந்தக் குழாய்க்கு முன் செய்ய வேண்டிய வேலைக்கு டீ.என்.ஏ. தேவையில்லை. கண்டியில் பிறந்த சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் அச்சேறியதாலும், பின்வந்தவர்கள் தேடி மறுபதிப்புச் செய்ததாலும் நம் கையில் இருக்கிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இலவசமாக வைத்திருக்கிறது. அரபுத் தமிழ்ப் பக்கங்களையும் அப்படிப் படம் பிடிக்கலாம். சிலர் பிடித்தும் வருகிறார்கள். படத்தோடு கூடவே, அந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கும் குரலையும் சேர்த்து வைக்க வேண்டும். வரிவடிவமும் ஒலியும் ஒன்றாகக் கிடைத்தால், பிற்காலத்தில் எவருமே இல்லாவிட்டாலும் உடன்பாட்டை மீட்டெடுக்க இயலும்.

ஒரு கடைசிக் கணக்கு. அரபுத் தமிழின் எழுத்து அட்டவணை ஏறத்தாழ நாற்பது வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு தமிழ் எழுத்து, அதற்கு நேரே அரபுத் தமிழ் எழுத்து, இடையில் ஒரு குறி. வரிக்குப் பன்னிரண்டு பைட் என்று வைத்தால் 480 பைட். ஆயிரம் யூரோ அட்டையில் பாதி. மீதிப் பாதியில் எழுதியவரின் பெயரும் ஊரும் ஆண்டும் தாராளமாக அடங்கும். அதே அட்டவணையை ஒரு தாளில் அச்சடித்து, மடுல்கெல்லயிலிருந்து மருதானை வரைக்கும் உள்ள மத்ரஸாக்களின் சுவர்களில் ஒட்டுவதற்கு இவ்விதழின் ஒரு பக்கத்துக்கு ஆகும் அச்சுக்கூலி போதும். பசையைப் பள்ளிவாசலில் வாங்கிக்கொள்ளலாம்.